தொல் ஐபீரிய எழுத்துமுறைகளில் பினீசியர் தாக்கம்: வணிகப் பின்புலமும் எழுத்தியல் மறுவாக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

இன்றைய ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகள் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தில் கி.மு. முதலாம் ஆயிரமாண்டில் வழங்கிய உள்ளூர் எழுத்துமுறைகள் பினீசிய எழுத்திலிருந்து தோன்றியவை என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும். பினீசிய வணிகர் கொண்டுவந்த எழுத்தை உள்ளூர் மக்கள் வணிகத் தேவைக்காகவே கற்றனர் என்பது இக்கருத்தோடு இணைத்துச் சொல்லப்படும் விளக்கம். இவ்விரண்டையும் பிரித்து நோக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். எழுத்துருக்கள் பினீசியருடையவை, ஆயினும் வல்லினத்தை உயிர்மெய்யாகவும் பிற மெய்களைத் தனி மெய்யாகவும் எழுதும் அமைப்பு பினீசியத்தில் இல்லாதது. கிடைத்துள்ள மிகப் பழைய உள்ளூர் எழுத்துச் சான்றுகளில் பெரும்பாலானவை வணிகக் கணக்குகளும் அல்ல, ஈமக் கற்களே. இவ்வேறுபாடுகளைத் தமிழ் எழுத்திலக்கணக் கலைச்சொற்களின் துணையோடு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பினீசியர், தார்த்தெசோசு, ஐபீரிய எழுத்து, அரை அசையெழுத்து, உயிர்மெய், எஸ்பங்காக் கல், வணிகம்.

முன்னுரை

ஓர் இனத்தின் எழுத்து மற்றோர் இனத்திடமிருந்து பெறப்பட்டது என்று கூறும்போது உண்மையில் மூன்று செய்திகள் ஒன்றாகக் கூறப்படுகின்றன. வரிவடிவங்கள் பெறப்பட்டன என்பது ஒன்று. அவ்வடிவங்களை ஒலிகளோடு இணைக்கும் முறை பெறப்பட்டது என்பது மற்றொன்று. எழுத்தை எதற்குப் பயன்படுத்துவது என்னும் வழக்கம் பெறப்பட்டது என்பது மூன்றாவது. இம்மூன்றும் எப்போதும் சேர்ந்தே பயணம் செய்வதில்லை. இதனை விளக்கத் தக்க சான்றாக அமைவது தொல் ஐபீரியம்.

இத்துறை தமிழ் ஆய்வாளர்க்குப் புறம்பானது போலத் தோன்றலாம். ஆயின் உயிர், மெய், உயிர்மெய் எனவும் வல்லினம், மெல்லினம், இடையினம் எனவும் எழுத்துகளைப் பகுத்துப் பழகிய மரபுக்கு ஐபீரிய எழுத்தின் அமைப்பு எளிதில் புலப்படும். ஐரோப்பிய ஆய்வாளர்கள் நீண்ட சொற்றொடர்களால் விளக்கும் ஒன்றைத் தமிழ் இலக்கணக் கலைச்சொற்கள் சுருக்கமாக உணர்த்தி விடுகின்றன. அவ்வகையில் இக்கட்டுரை, முதலில் வணிகப் பின்புலத்தையும் அடுத்து எழுத்தமைப்பையும் இறுதியில் எழுத்தின் பயன்பாட்டையும் ஆராய்கிறது.

1. பினீசியர் வருகையும் உலோக வணிகமும்

பினீசியர் இன்றைய லெபனான் கடற்கரையில் தீர், சீதோன், பிப்லோசு முதலிய நகரங்களில் வாழ்ந்த செமித்திய மொழி பேசிய மக்கள். மேற்கு நடுநிலக்கடலின் எல்லைக்கு அப்பால் அட்லாண்டிக் கரையில் அவர்கள் நிறுவிய நகரம் காதிர், இன்றைய காதிஸ். திராய் நகர் வீழ்ந்து 80 ஆண்டுகளில், அதாவது ஏறத்தாழ கி.மு. 1100இல், இந்நகரம் நிறுவப்பட்டது என்பது உரோம வரலாற்றாசிரியர் வெல்லேயுஸ் பத்தேர்குலுஸ் குறிக்கும் மரபு. ஆனால் அகழாய்வுச் சான்றுகள் இத்துணைப் பழமையைக் காட்டவில்லை. காதிஸ் நகரச் சான்றுகள் கி.மு. 9ஆம் நூற்றாண்டளவில் தொடங்குகின்றன. உவெல்வா நகரில் கிடைத்து 2004இல் வெளியிடப்பட்ட பொருள்கள் ஏறத்தாழ கி.மு. 900 முதல் 770 வரையிலான காலத்தவை எனக் கணிக்கப்பட்டன. அவற்றுள் பினீசிய மட்கலங்களும் தந்தவேலைக் கழிவுகளும் பினீசிய எழுத்துக் கீறல்களும் உள்ளன. எனவே இலக்கிய மரபு கூறும் காலத்தை அப்படியே ஏற்கவியலாது. எனினும் முந்தைய தலைமுறை ஆய்வாளர் கருதிய கி.மு. 8ஆம் நூற்றாண்டினும் தொடர்பு முந்தியது என்பது உறுதியாகிறது.

இத்துணைத் தொலைவு அவர்களை ஈர்த்தது உலோகம், சிறப்பாக வெள்ளி. உவெல்வாவுக்கு வடக்கேயுள்ள ரியோ தின்தோச் சுரங்கப் பகுதி அதன் முதன்மை ஊற்று. பினீசியர் தம் கப்பல்கள் தாங்குமளவு வெள்ளி ஏற்றிய பின்னும் எஞ்சியதை விட மனமின்றி, நங்கூரங்களின் ஈயத்தை நீக்கி அவ்விடத்தில் வெள்ளியை அமைத்தனர் என்று கிரேக்க ஆசிரியர் தியோதோருஸ் கூறுகிறார். இது மிகைப்படுத்திய கதையே. ஆயினும் ஈயமும் வெள்ளியும் இக்கதையில் இணைந்து வருவது கருதத்தக்கது. வெள்ளியைப் பிரித்தெடுக்கும் புடமிடு முறைக்கு ஈயம் இன்றியமையாதது. வெள்ளி இருந்தும் ஈயம் குறைந்த கனிமங்களுக்கு ஈயத்தை வேற்றிடத்திலிருந்து கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

இதற்கு நேரடிச் சான்றாக அமைவது முர்சியாக் கடற்கரையில் கண்டெடுக்கப்பட்ட கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டாம் மசர்ரோன் கப்பல். ஏறத்தாழ 8 மீட்டர் நீளமே உடைய இச்சிறு கலம் 2,800 கிலோவுக்கு அணுக்கமான ஈய ஆக்சைடுக் கட்டிகளைச் சுமந்திருந்தது. தமிழ் மருத்துவ மரபு மிருதாரசிங்கி எனக் குறிக்கும் பொருளே இது. பெருங்கடல் வணிகத்தோடு கரையோரச் சிறுகல வணிகமும் பின்னிக் கிடந்ததை இச்சான்று காட்டுகிறது. கார்த்தகேனாவுக்கு அருகில் பாஹோ தே லா கம்பானாவில் மூழ்கிய மற்றொரு கலத்தில் வெள்ளீயம், செம்பு, ஈயக் கனிமம் ஆகியவற்றோடு யானைத் தந்தங்களும் இருந்தன. அத்தந்தங்கள் சிலவற்றில் பினீசிய எழுத்தில் ஆட்பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்தும் சரக்கும் ஒன்றாகவே பயணம் செய்ததற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வணிகத்தின் விளைவுகள் உலோகத்தோடு நிற்கவில்லை. மட்கலச் சக்கரம், இரும்புத் தொழில், திராட்சைத் தேறல், ஒலிவ எண்ணெய் ஆகியவை பினீசியர் தொடர்பால் தீபகற்பத்தின் தென்பகுதியில் வேரூன்றின. வழிபாட்டிலும் தொடர்பு ஏற்பட்டது. 1958இல் செவில்லா நகருக்கு அருகில் எல் கரம்போலோவில் பொற்புதையல் ஒன்று கிடைத்தது. அவ்விடத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அஸ்தார்த்தே தெய்வத்தின் வெண்கலப் படிமத்தில், உடன்பிறந்தார் இருவர் அதனைக் காணிக்கையாக்கிய செய்தி பினீசிய மொழியில் எழுதப்பட்டுள்ளது. கிரேக்கர் தார்த்தெசோசு என்று குறித்த இத்தென்மேற்கு நிலத்தில், உள்ளூர் மக்கள் எழுத்தை முதன்முதல் கண்டது சரக்கின் மீது மட்டுமன்று. தெய்வப் படிமத்தின் மீதும் என்பதை இங்கே மனங்கொள்ள வேண்டும்.

2. எழுத்தமைப்பு: பெற்றதும் மாற்றியதும்

தீபகற்பத்தின் தொல்லெழுத்துகளைத் தெற்குப் பிரிவு, வடக்குப் பிரிவு என இரண்டாகப் பகுப்பது வழக்கம். தென்மேற்கு எழுத்தும் தென்கிழக்கு ஐபீரிய எழுத்தும் முதற்பிரிவைச் சார்ந்தவை. வடகிழக்கு ஐபீரிய எழுத்தும் அதிலிருந்து தோன்றிய கெல்த்திபேரிய எழுத்தும் இரண்டாம் பிரிவைச் சார்ந்தவை. தெற்கு எழுத்துகள் பெரும்பாலும் பினீசியம் போன்று வலமிருந்து இடமாகவும், வடக்கு எழுத்துகள் இடமிருந்து வலமாகவும் செல்கின்றன. இவற்றின் ஒலிமதிப்புகளை 1920களில் நிறுவியவர் ஸ்பானிய அறிஞர் மானுவேல் கோமெஸ் மொரேனோ. கி.மு. 89இல் உரோமக் குடியுரிமை பெற்ற ஐபீரியக் குதிரைவீரர்களின் பெயர்களை இலத்தீனில் தரும் அஸ்கோலி வெண்கலப் பட்டயம் அவருடைய வாசிப்பைச் சரிபார்க்கத் துணைநின்றது.

2.1 வல்லினம் மட்டும் உயிர்மெய்

இவ்வெழுத்துகளின் தனிப்பண்பைத் தமிழ்க் கலைச்சொற்களால் இவ்வாறு கூறலாம். அ, எ, இ, ஒ, உ ஆகிய ஐந்து உயிர்களுக்குத் தனிக்குறிகள் உண்டு. மெல்லினம், இடையினம், உரசொலிகள் ஆகியவற்றுக்குத் தனிமெய்க் குறிகள் உண்டு. ஆனால் க, த, ப ஆகிய மூன்று வல்லினங்களுக்கும் தனிமெய்க் குறி இல்லை. ஐந்து உயிரோடும் கூடிய உயிர்மெய்க் குறிகளே உள்ளன. மூன்று வல்லினம், ஐந்து உயிர் எனப் பெருக்கப் பதினைந்து குறிகள் அமைகின்றன. தமிழில் கா, கி, கு ஆகியவற்றில் ககர வடிவம் பொதுவாக நிற்பது போல இங்கு நிற்பதில்லை. ஒவ்வோர் உயிர்மெய்யும் தனி வடிவுடையது. பாதி ஒலியன் எழுத்தாகவும் பாதி அசையெழுத்தாகவும் அமைந்தமையால் இது அரை அசையெழுத்து எனப்படுகிறது.

இப்பகுப்பு தற்செயலானதன்று. மகர னகரங்களையும் லகர ரகரங்களையும் உயிரின் துணையின்றி நீட்டி ஒலிக்க முடியும். ககர தகர பகரங்களை அவ்வாறு ஒலிக்க முடியாது. அவை பின்வரும் உயிரோடு சேர்ந்தே செவிக்குத் தெளிவாகப் புலப்படுகின்றன. மெய் தனித்தியங்குவதில்லை என்னும் தொல்காப்பிய எழுத்ததிகாரக் கருத்து மெய்கள் அனைத்துக்கும் பொது. ஐபீரிய எழுத்தை அமைத்தவர்கள் அவ்வுணர்வை வல்லினத்தில் மட்டும் எழுத்தாக்கினர் எனலாம்.

இவ்வமைப்பின் குறை மெய்ம்மயக்கத்தில் வெளிப்படுகிறது. இந்தோ-ஐரோப்பிய மொழியான கெல்த்திபேரியத்தை இவ்வெழுத்தில் எழுதியபோது, செகோபிரிகா என்னும் ஊர் மக்களின் பெயர் நாணயங்களில் ஸ்–எ–கொ–பி–ர்–இ–கெ–ஸ் என எழுதப்பட்டது. சொல்லில் பகரமும் ரகரமும் நேரே மயங்கி நிற்க, எழுத்தில் பகரத்துக்கு ஓர் இகரம் கூடுதலாக வந்து சேர்ந்தது. புள்ளியுடைய தமிழெழுத்துக்கு இந்த இடர் இல்லை.

2.2 பினீசியமா, கிரேக்கமா?

பினீசிய எழுத்தின் 22 குறிகளும் மெய்களுக்கே உரியவை; உயிருக்குக் குறி இல்லை. உயிரைக் குறிக்கும் வழக்கம் கிரேக்கரிடமிருந்து வந்திருக்கலாம் என்ற கருத்து அதனால் எழுந்தது. இதற்கு மறுப்பாக அமைவது எகரக் குறி. பினீசியத்தின் 'அயின்' என்னும் வட்ட வடிவ எழுத்தைக் கிரேக்கர் ஒகரத்துக்கு ஆக்கினர். தென்மேற்கு எழுத்திலோ அதே வட்டம் எகரத்தைக் குறிக்கிறது. கிரேக்கத்தைப் பார்த்து எழுதியிருப்பின் இம்மதிப்பு வர இடமில்லை. 'ஆலெப்' அகரமாகவும் 'யோத்' இகரமாகவும் 'வாவ்' உகரமாகவும் மாறியமை, இரு மரபிலும் ஒத்த தேவையால் தனித்தனியே நிகழ்ந்திருக்கக் கூடியது.

எழுத்தின் வரிசைமுறைக்குச் சான்று தெற்குப் போர்ச்சுகலில் கிடைத்த எஸ்பங்காக் கல். 27 குறிகள் கொண்ட நெடுங்கணக்கு ஒன்று இதில் இருமுறை எழுதப்பட்டுள்ளது. ஒரு வரி தேர்ந்த கையாலும், மற்றது அதைப் பார்த்து எழுதிய பழகாத கையாலும் எழுதப்பட்டவை. ஆசிரியரும் மாணவரும் ஒரே கல்லில் எஞ்சி நிற்கின்றனர் எனக் கொள்வர். இதன் முற்பகுதி அ, பெ, க, து, இ, கெ, ல், ம், ன் எனச் செல்கிறது. பினீசிய ஆலெப், பேத், கீமெல், தாலெத், யோத், காப், லாமேத், மேம், நூன் என்னும் வரிசையை இது, இடையில் சில விடுபட்டாலும், மாறாமல் பின்பற்றுகிறது. ஆனால் முற்பகுதியின் முடிவில் தகரக் குறியை அடுத்து உகரம் வைக்கப்பட்டுள்ளது. கிரேக்க நெடுங்கணக்கிலும் தகரத்தை அடுத்தே உகரம் வருகிறது. இவ்வோரிடத்தைக் கொண்டு கிரேக்கத் தாக்கத்தை முழுமையாக மறுக்கவியலாது என வாதிடுவோர் உளர். எகரக் குறியின் சான்றோடு சேர்த்து நோக்கும்போது, அடிப்படை பினீசியம் என்பதும், கிரேக்கத் தொடர்பு இருந்திருப்பின் அது துணைநிலையில் அமைந்தது என்பதுமே பொருந்தும் முடிவாகத் தோன்றுகிறது.

ஸ்பெயினின் குவாரென்யா அருகே காசாஸ் தெல் துருன்யுவேலோ அகழாய்வில் கிடைத்த கற்பலகை ஒன்றில் 21 குறிகளுடன் மற்றொரு நெடுங்கணக்கு இருப்பது 2024இல் அறிவிக்கப்பட்டது. அதன் தொடக்க வரிசை எஸ்பங்கா வரிசையோடு பெரும்பாலும் ஒத்துச் செல்கிறது. ஆகவே எஸ்பங்கா நெடுங்கணக்கு ஒரு தனிமனிதரின் முயற்சியன்று. பரந்த நிலப்பகுதியில் கற்பிக்கப்பட்ட மரபு என்பது வலுப்பெறுகிறது.

2.3 எஞ்சிய குறிகள் உயிர்மெய்யான விதம்

பினீசியத்தில் கீமெல், காப், கோப் என ககர இனத்துக்கு மூன்று குறிகள் உண்டு. தகர இனத்துக்கும் அவ்வாறே மூன்று. எழுத்தைப் பெற்றவர்களின் மொழி இவ்வேறுபாடுகளைப் பொருட்படுத்தாததாயின், ஒரே வல்லினத்துக்குப் பல குறிகள் எஞ்சி நிற்கும். அவற்றைப் பின்வரும் உயிருக்கேற்பப் பங்கிட்டனர் என்பது ஆய்வாளர் தரும் விளக்கங்களுள் ஒன்று. கீமெல் குறி அகரத்தின் முன்னும் காப் குறி எகரத்தின் முன்னும் வருவது இதனோடு இயைகிறது. பழைய இலத்தீனிலும் ககர ஒலிக்குரிய மூன்று எழுத்துகள் பின்வரும் உயிரைப் பொறுத்துப் பங்கிடப்பட்டமை இதற்கு ஒப்புமையாகும்.

தென்மேற்கு எழுத்தில் இவ்வளர்ச்சியின் தடம் இன்றும் தெரிகிறது. அங்கு வல்லின உயிர்மெய்க் குறியை அடுத்து அதே உயிர் மீண்டும் எழுதப்படும். ஈமக் கற்களில் திரும்பத் திரும்ப வரும் வாய்பாடு ஒன்று ந்–அ–ர்–கெ–எ–ந்–தி–இ என அமைகிறது. தமிழ் வாசகர் இதனை அளபெடை என மயங்க இடமுண்டு. இது அளபெடை அன்று. இங்கு உயிர் நீள்வதில்லை. உயிர் ஏற்கெனவே தனியே எழுதப்படுவதால் முன்னுள்ள குறி வெறும் மெய்யாகவே பணிபுரிகிறது. எனினும் எவ்வுயிரின் முன் எக்குறி வரவேண்டும் என்னும் கட்டுப்பாடு நிலவுகிறது. பிற்கால எழுத்துகளில் மிகையான உயிர்க்குறி மறைந்து, முன்னிருந்த குறியே உயிரையும் சேர்த்துச் சுமக்கத் தொடங்கியது. இவ்வாறு நோக்கினால் தென்மேற்கு எழுத்து முழு உயிர்மெய் அமைப்புக்கு முந்தைய படிநிலையாகும். இதற்கு மாறாக, உயிரை மீண்டும் எழுதுவது பின்னர் வந்த வழக்கம் எனக் கொள்வாரும் உளர்.

எழுத்தைப் பெற்ற மொழிகள் அனைத்துக்கும் இப்பங்கீடு வசதியாக இருக்கவில்லை. ஐபீரிய மொழியில் க, த ஆகியவற்றின் ஒலிப்புடை வடிவமும் ஒலிப்பிலா வடிவமும் பொருள் வேறுபடுத்தின. தமிழில் 'கடல்', 'அகம்' ஆகிய சொற்களின் ககரங்கள் வேறொலி பெறினும் இடம் நோக்கி ஒலித்துவிடலாம்; ஐபீரியத்தில் அது இயலாது. எனவே கி.மு. 4, 3ஆம் நூற்றாண்டு வடகிழக்கு எழுத்துச் சான்றுகள் பலவற்றில், ஒலிப்பிலா வல்லினத்துக்கு ஒரு கூடுதல் கோடு இட்டு வேறுபடுத்தினர். எழுத்தைப் பெற்றவர்கள் அதைத் தம் மொழிக்கேற்பத் திருத்திக் கொண்டே இருந்தனர் என்பதற்கு இது சான்று.

3. எழுத்தின் பயன்பாடு: வணிகமா, நினைவா?

எழுத்து வணிகத்தின் பொருட்டே பரவியது எனின், பழைய சான்றுகள் துறைமுகங்களிலும் சுரங்கப் பகுதிகளிலும் மிகுதியாகக் கிடைத்திருக்க வேண்டும். நிலைமை அவ்வாறில்லை. தென்மேற்கு எழுத்துப் பொறித்த நூற்றுக்கு அணுக்கமான கற்களுள் பெரும்பாலானவை போர்ச்சுகலின் அல்கார்வே, கீழ் அலென்தேஜு மலைப்பகுதிகளில் கிடைத்தவை. பினீசியர் செறிந்து வாழ்ந்த காதிஸ், உவெல்வா வட்டாரங்களில் இத்தகு கற்கள் அரிது. கற்களின் காலம் பெரும்பாலும் கி.மு. 7 முதல் 5 வரையான நூற்றாண்டுகள். அவை ஈமப் புலங்களோடு தொடர்புடையவை. ஒரே வாய்பாடு பல கற்களில் மீண்டும் வருவதும் நினைவுக்கல் மரபையே சுட்டுகிறது.

இதற்கு மறுமொழியாக, வணிக ஆவணங்கள் அழியும் பொருள்களில் எழுதப்பட்டிருக்கலாம் எனக் கூறுவர். காதிஸ் அகழாய்வில் ஆவணங்களை முத்திரையிடப் பயன்பட்ட களிமண் பதிவுகள் கிடைத்திருத்தலின் இம்மறுமொழி புறந்தள்ளத் தக்கதன்று. ஆயினும் அப்பதிவுகள் பினீசியரின் ஆவண வழக்கத்துக்கே சான்றாகும். உள்ளூர் மக்கள் தம் மொழியில் கணக்கெழுதினர் என்பதற்குச் சான்றாகா.

உள்ளூர் எழுத்து வணிகச் சூழலில் தெளிவாகத் தோன்றுவது பின்னரே. கிழக்குக் கடற்கரையில் கி.மு. 4ஆம் நூற்றாண்டு முதல் ஈயத் தகடுகளில் ஐபீரிய எழுத்துகள் மிகுகின்றன. ஈயத்தகட்டில் வணிகச் செய்தி எழுதும் வழக்கத்துக்கு இங்கு முன்மாதிரி கிரேக்கர். தென்பிரான்சின் பெஷ் மஹோவில் கிடைத்த கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்க ஈயத்தகடு ஒரு வணிக ஒப்பந்தத்தைப் பதிவு செய்கிறது. அதன் சாட்சிகளுள் ஐபீரியப் பெயருடையோர் உள்ளனர். ஆக, குறிவடிவம் பினீசியரிடமிருந்தும், ஈயத்தகட்டு வழக்கம் கிரேக்கரிடமிருந்தும் வந்து, ஐபீரியர் கையில் ஒன்றாயின.

4. தமிழ் ஆய்வுலகுக்கு இரு குறிப்புகள்

விவிலியத்தின் 'தர்சீசு' பலராலும் தார்த்தெசோசு எனக் கொள்ளப்படுகிறது. எசேக்கியல் நூலும் தர்சீசின் சரக்குகளாக வெள்ளி, இரும்பு, வெள்ளீயம், ஈயம் ஆகியவற்றைக் கூறுகிறது. சாலமோனின் தர்சீசுக் கப்பல்கள் கொண்டுவந்த 'துகி' என்னும் பொருளைத் தமிழ்த் 'தோகை'யோடு கால்டுவெல் இணைத்ததை நாம் அறிவோம். இவ்விரண்டையும் சேர்த்து ஐபீரியத்துக்கும் தமிழகத்துக்கும் தொடர்பு காண முற்படுவது பொருந்தாது. அங்குத் தர்சீசுக் கப்பல் என்பது நெடுந்தொலைவு செல்லும் பெருங்கலத்தின் வகைப்பெயராகவும் கொள்ளப்படுகிறது. சொல்லாய்வும் நிலவியலும் தனித்தனியே நிறுவப்பட வேண்டியவை.

மற்றொன்று, எழுத்தும் மொழியும் வேறு என்பது. ஒரே எழுத்துமரபில் ஐபீரியம், கெல்த்திபேரியம், தென்மேற்கு மொழி என உறவற்ற மொழிகள் எழுதப்பட்டன. ஐபீரிய எழுத்தை நாம் ஒலிக்க முடியும். ஆனால் ஆட்பெயர், ஊர்ப்பெயர், சில வாய்பாடுகள் நீங்கலாக அதன் பொருள் விளங்கவில்லை. பினீசியமும் உள்ளூர் மொழியும் இணைந்த விரிவான இருமொழிக் கல்வெட்டு கிடைக்காதவரை ஒலியொப்புமை மட்டும் கொண்டு பொருள் கூறுவது ஊகமாகவே நிற்கும்.

முடிவுரை

தொல் ஐபீரியர் பினீசியரிடமிருந்து குறிவடிவங்களையும் அவற்றின் வரிசையையும் பெற்றனர். உயிர்க்குறிகளையும் வல்லின உயிர்மெய் அமைப்பையும் தாமே உருவாக்கினர். எழுத்தைக் கண்டது வணிகத் தொடர்பின் வழியே எனினும், கல்லில் முதலில் எழுதியது இறந்தோர் நினைவை. எனவே 'பினீசியர் தாக்கம்' என்னும் தொடர், கொடுத்தவரின் செயலை மட்டும் காட்டிப் பெற்றவரின் அறிவுத்திறத்தை மறைத்துவிடக் கூடாது.

தூர்தெத்தானியர் பழமையான நூல்களும் பாடல்களும் செய்யுள் வடிவச் சட்டங்களும் உடையவர் என ஸ்த்ராபோ எழுதினார். அவற்றுள் ஒன்றும் நமக்கு எஞ்சவில்லை. எஞ்சியவை ஈமக் கற்களும், மாணவர் ஒருவர் பார்த்தெழுதிய நெடுங்கணக்கும். எழுத்து ஒரு மக்களுக்கு உரியதாகும் கணம் எதுவென அறிய விரும்புவோர் துறைமுகச் சரக்குகளை ஆராயும் அளவு ஆழ்ந்து அந்தப் பயிற்சி வரியையும் ஆராய வேண்டும்.